துருப்பிடித்த பழைய கார்: எந்த இடத்துக்கு எந்த வைத்தியம்?

பழைய அம்பாசிடரையோ பத்மினியையோ மீட்டெடுக்க நினைக்கிறவர்கள் முதலில் இன்ஜினைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். இன்ஜினுக்கு எப்போதும் வழி உண்டு. ரீபோர் செய்யலாம், பிஸ்டன் மாற்றலாம், வேறு இன்ஜினே வாங்கி மாட்டலாம். பாடியில் துரு ஏறிவிட்டால் அப்படி எளிதில் தீராது. தகட்டைத் தின்றுகொண்டே போகும் துருதான் பல கார்களைக் காயலான் கடைக்கு அனுப்பியிருக்கிறது. மீட்டெடுப்புச் செலவிலும் பெரும்பகுதி பாடி வேலைக்குத்தான் போகிறது. அதில் எடுக்கும் முடிவுகள்தான் அந்தக் கார் இன்னும் இருபது ஆண்டு ஓடுமா, இரண்டே மழைக்காலத்தில் மறுபடி கொப்பளிக்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

துருவுக்கு ஒரே மருந்து கிடையாது. ரசாயனம் தடவுவது, பட்டி பூசுவது, ஒட்டுப் போடுவது, பாகத்தையே மாற்றுவது, வேறு பாடி வாங்குவது என்று ஐந்து வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான இடமும் உண்டு, செய்யவே கூடாத இடமும் உண்டு. எந்த இடத்தில் எதைத் தேர்வு செய்வது என்பதைத்தான் இங்கே வரிசையாகப் பார்க்கப்போகிறோம்.

முதலில் இரண்டு கேள்விகள்

முதல் கேள்வி: துருப்பிடித்த தகடு பாரம் தாங்குகிறதா, வெறும் போர்வையா?

அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் தனி சேஸி கிடையாது. பாடியே எலும்புக்கூடு. தரைத் தகடு, கதவுகளுக்கு அடியில் நீளமாக ஓடும் ரன்னிங் போர்டு, கதவுக் கீல் மாட்டிய பில்லர், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடம், முன்பக்க சஸ்பென்ஷன் ஊன்றும் இடம் எல்லாம் சேர்ந்துதான் வண்டியின் எடையைத் தாங்குகின்றன. இவற்றில் ஒன்று அரித்தாலும் அது பாதுகாப்புப் பிரச்சினை. மட்கார்டு, கதவின் வெளித்தகடு, பானெட், டிக்கி மூடி ஆகியவற்றில் துரு வந்தால் அது பெரும்பாலும் அழகுப் பிரச்சினைதான்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இதில் வேறு ரகம். 1960களில் சென்னைக்கு அருகே வண்டலூரில் தயாரான இந்தக் காருக்குத் தனி சேஸி உண்டு. பாடி அதன்மேல் பகுதி பகுதியாக போல்ட் போட்டு மாட்டப்பட்டது. இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டாக 1959இல் வெளிவந்தபோதே அதன் அமைப்பு அப்படித்தான். ஹெரால்டு வாங்குகிறவர் பாடியைவிட சேஸியையும், அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளையும்தான் கவலையோடு பார்க்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: துரு எவ்வளவு ஆழம்?

மேலே செம்மண் நிறத்தில் படிந்திருப்பது முதல் நிலை. சுரண்டினால் குழி குழியாகத் தெரிவது இரண்டாம் நிலை. ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே போய்விட்டால் மூன்றாம் நிலை. முதல் நிலைக்கு ரசாயனம் போதும். இரண்டாம் நிலையில் எஞ்சியிருக்கும் தகட்டின் கனத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். மூன்றாம் நிலைக்கு வெட்டியெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எங்கே தேடுவது, எப்படித் தட்டிப் பார்ப்பது

தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் துரு பிறக்கும். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். அவை மண்ணால் அடைபட்டால் கதவு உள்ளிருந்து அரிக்கும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் மட்கார்டின் உள்மூலையில் டயர் வாரியடிக்கும் சேறு காய்ந்து படிந்து, ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். முன்கண்ணாடி ரப்பர் வெடித்திருந்தால் மழைநீர் டாஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி, ரப்பர் மேட்டுக்கும் சணல் விரிப்புக்கும் அடியில் போய்த் தங்கும். பேட்டரித் தட்டை அமிலம் தின்னும். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாய், குரோம் பீடிங் மாட்டிய கிளிப் துளைகள் என்று எதையும் விடக்கூடாது.

ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி பாடி முழுக்க ஓட்டிப் பாருங்கள். பிடிப்பு தளரும் இடத்தில் கனமான பட்டி இருக்கிறது. சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகட்டில் மொத்தையான சத்தம் வரும். இன்னொரு முக்கியமான சோதனை: கதவு மூடியிருக்கும்போது அதைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வண்டியின் ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்குங்கள். இடைவெளி மாறினாலோ கதவு இடித்தாலோ ரன்னிங் போர்டு வலுவிழந்துவிட்டது என்று பொருள்.

சென்னையில் வாங்கும் வண்டிக்குக் கூடுதல் கவனம் வேண்டும். கடற்காற்றின் உப்பு துருவை விரைவுபடுத்தும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்திலும் நகரில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டியின் ரன்னிங் போர்டுக்குள் வண்டல் தங்கியிருக்கலாம். மேலே பளபளவென்று பெயின்ட் அடித்திருப்பதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள்.

வெளியே சிறு கொப்புளமாகத் தெரியும் துரு உள்பக்கத்தில் அகலமாகப் பரவியிருப்பதே வழக்கம். இரும்பு துருவாகும்போது பலமடங்கு பருத்துவிடும். இரண்டு தகடுகள் சேரும் இடுக்கில் அந்தப் பருமன் தகடுகளையே பிளந்து தள்ளும். ஆகவே, சுரண்டிப் பார்க்காமல் யார் சொல்லும் மதிப்பீட்டையும் இறுதியானதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

துருவை அகற்றும் வழிகள்

*கம்பி பிரஷ், கிரைண்டர், உப்புத்தாள்:* செலவு குறைவு, எங்கும் செய்யலாம். மேல்துருவுக்குப் போதும். குழிகளுக்குள் இருக்கும் துரு மட்டும் அப்படியே இருக்கும். கம்பிச் சக்கரம் அதை மெருகேற்றிப் பளபளப்பாக்கி, போய்விட்டதுபோல் காட்டும். கிரைண்டரை அழுத்தித் தேய்த்தால் நல்ல தகடும் மெலிந்துவிடும். இந்தக் கார்களின் வெளித்தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். அதை வீணாக்கக் கூடாது.

*மணல் வீச்சு:* ஹெரால்டு சேஸி, சஸ்பென்ஷன் கைகள், வீல் டிஸ்க் போன்ற கனமான பாகங்களுக்கு இதுவே சிறந்தது, குழிக்குள்ளும் சுத்தமாகும். பானெட், கூரை, கதவு போன்ற அகலமான தகடுகளை அனுபவமில்லாத கையில் கொடுத்தால் அலை அலையாக நெளிந்துவிடும். அந்த நெளிவை எடுப்பது துருவை எடுப்பதைவிடக் கடினம். ஆற்று மணலைப் பயன்படுத்தும் பட்டறையைத் தவிருங்கள். அந்தத் தூசி வேலை செய்பவரின் நுரையீரலை நிரந்தரமாகப் பாதிக்கும். கார்னெட் மணலோ கண்ணாடி மணிகளோ பயன்படுத்தும் இடத்தைத் தேடுங்கள். வேலை முடிந்ததும் இடுக்குகளில் தங்கிய மணலைக் காற்றடித்து முழுவதும் வெளியேற்ற வேண்டும்.

*அமிலத் தொட்டி:* துருவை முழுவதும் கரைக்கும். ஆனால் இரண்டு தகடு சேரும் இடுக்குகளில் அமிலம் தங்கிவிட்டால், பெயின்ட் அடித்துச் சில மாதங்கள் கழித்து அது கசிந்து வெளியே வரும். முறையாகக் கழுவி நடுநிலையாக்கும் வசதி இருந்தாலொழிய முழு பாடிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடையில் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வீட்டில் ஊற்றிப் பார்ப்பது அறவே வேண்டாம்.

*மின்னாற்பகுப்பு:* கீல், பிராக்கெட், பம்பர் தாங்கி போன்ற சிறு பாகங்களுக்கு அருமையான வழி. சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் பாகத்தை மூழ்கவைத்து, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதில் இணைக்க வேண்டும். நேர்முனையை ஒரு பழைய இரும்புத் துண்டில் இணைக்க வேண்டும். நல்ல தகட்டுக்குச் சேதமில்லை. இரும்புத் துண்டுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வைக்காதீர்கள். நச்சுத்தன்மையுள்ள குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் திறந்த வெளியில், தீப்பொறி இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். அலுமினியப் பாகங்களை இதில் போடக்கூடாது.

*கரும்புக் கழிவுப்பாகு:* ஒரு பங்கு பாகுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து, இரும்புப் பாகங்களை வாரக்கணக்கில் ஊறவைப்பது. மெதுவானது, நாற்றமடிக்கும், ஆனால் இரும்புக்கு மிக மென்மையானது. அவசரமில்லாதவர்களுக்கு ஏற்றது.

ஐந்து வழிகள், ஐந்து தீர்ப்புகள்

*1. துரு மாற்றி தடவுவது*

பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ கொண்ட திரவங்கள் துருவை வேறொரு நிலையான சேர்மமாக மாற்றுகின்றன; சிவப்பு கருப்பாகும். உதிரும் துருவை முழுக்க நீக்கிவிட்டு, கெட்டியாக ஒட்டியிருக்கும் மெல்லிய துருவின்மேல் தடவினால் நன்றாக வேலை செய்யும். பாளம் பாளமாக உரியும் துருவின்மேல் தடவினால் மேல்தோல்தான் மாறும். அடியில் அரிப்பு தொடரும். தகட்டின் மறுபக்கத்தையும் இது காப்பாற்றாது. பாஸ்பாரிக் அமிலம் தடவிய தகட்டை, டப்பாவில் சொன்னபடி கழுவித் துடைக்காமல் எபாக்ஸி பிரைமர் அடித்தால் பிரைமர் பிடிக்காது.

தீர்ப்பு: தரைத் தகட்டின் மேல்துரு, டிக்கியின் உள்பக்கம், குழி விழாத இடங்களுக்கு ஏற்றது. ஓட்டை விழுந்த இடத்தில் இதனால் பயனில்லை.

*2. பட்டியும் ஃபைபரும்*

பட்டி ஒரு நல்ல பொருள். தவறான இடத்தில் பூசப்பட்டுப் பெயர் கெட்டுப்போனது. வளைந்த தகட்டைச் சுத்தியலாலும் டாலியாலும் இயன்றவரை நேராக்கிய பிறகு, எஞ்சியிருக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யத்தான் அது இருக்கிறது. பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும். ஓட்டைக்குப் பின்னால் வலையையோ காகிதத்தையோ வைத்துப் பட்டி பூசினால், உள்பக்கத்திலிருந்து வரும் ஈரம் பட்டிக்கும் தகட்டுக்கும் இடையே புகுந்துவிடும். ஒரு வடகிழக்குப் பருவமழை போதும், கொப்புளம் வந்துவிடும்.

ஃபைபர் இழையும் ரெசினும் தண்ணீரை ஓரளவு தடுக்கும். ஆனாலும் இரும்பும் ஃபைபரும் வெயிலில் ஒரே அளவில் விரியாது. நாளடைவில் விளிம்பில் கோடு விழும்.

தீர்ப்பு: நல்ல தகட்டின்மேல் மெல்லிய பட்டிக்குத் தடையில்லை. ஓட்டையை அடைக்கப் பட்டியோ ஃபைபரோ வேண்டாம். தரை, ரன்னிங் போர்டு, பில்லர் ஆகியவற்றில் ஃபைபர் ஒட்டுவது உயிரோடு விளையாடுவது. வெளியே வழவழப்பாக இருக்கும், உள்ளே பலம் துளியும் இருக்காது.

*3. வெட்டி ஒட்டுப் போடுவது*

அரித்த பகுதியைச் சுற்றி நல்ல தகடு வரும்வரை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள புதுத் தகட்டை அதே வடிவில் அடித்து, பற்றவைப்பது. நம் ஊர் டிங்கர்கள் கைதேர்ந்த வேலை இது. அசல் தகடு பெரும்பாலும் மிஞ்சுகிறது. உதிரிபாகம் கிடைக்காத காருக்கும் இது ஒன்றே வழி.

வெற்றியைத் தீர்மானிப்பது வெட்டும் துணிச்சல்தான். ஓட்டையை மட்டும் வெட்டி, மெலிந்த விளிம்பில் பற்றவைத்தால் வெப்பத்தில் விளிம்பே எரிந்து ஓட்டை பெரிதாகும். பிறகு அதன்மேல் இன்னொரு ஒட்டு வரும். பழைய துருத் தகட்டை அப்படியே விட்டு, அதன்மேல் புதுத் தகட்டைப் போர்த்திப் பற்றவைப்பதும் பல வண்டிகளில் தென்படுகிறது. நடுவில் அடைபட்ட துரு இரண்டு தகட்டையும் தின்னும். ஒட்டுக்கு 20 கேஜ் சி.ஆர். தகடு பெரும்பாலான வெளித்தகடுகளுக்குப் பொருந்தும். பாரம் தாங்கும் இடங்களில் அசல் கனத்தை அளந்து அதற்கு ஈடாகவோ சற்றுக் கூடுதலாகவோ போட வேண்டும். ஜி.ஐ. தகட்டைப் பற்றவைத்தால் துத்தநாகப் புகை காய்ச்சலை உண்டாக்கும். விளிம்பில் துத்தநாகத்தைச் சுரண்டி நீக்காமல் வேலை செய்யவிடாதீர்கள்.

தீர்ப்பு: கதவின் அடிப்பாகம், மட்கார்டு விளிம்பு, தரையின் ஒரு பகுதி ஆகியவற்றுக்கு இதுவே முதல் தேர்வு.

*4. பாகத்தையே மாற்றுவது*

ஒரு மட்கார்டில் ஐந்தாறு இடத்தில் ஒட்டுப் போடுவதைவிட வேறு மட்கார்டு மாட்டுவது சிக்கனம். போல்ட் போட்டு மாட்டும் பாகங்கள், கதவு, பானெட், டிக்கி மூடி ஆகியவற்றுக்கு இந்த வழி எளிது. அம்பாசிடர் உற்பத்தி 2014இல் உத்தரபாராவில் நின்றுவிட்டது. இனி பழைய இருப்பையும், கழற்றிய பாகங்களையும், கையால் அடித்த நகல்களையும்தான் நம்ப வேண்டும். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளில் தேடும்போது உங்கள் காரின் மாடலோடு ஒத்துப்பார்த்து வாங்குங்கள். அம்பாசிடரின் முகப்பும் கிரில்லும் மார்க் 1 முதல் மார்க் 4 வரை மாறிக்கொண்டே வந்தன. ஒன்றின் பாகம் இன்னொன்றில் உட்காராமல் போகலாம்.

வாங்கும் பாகத்தின் உள்பக்கத்தைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த கழற்றிய கதவைவிட, பெயின்ட் உரிந்து நிஜம் தெரியும் கதவு நம்பகமானது. கையால் அடித்த நகல் பாகத்தை மாட்டிப் பார்த்து, இடைவெளி சரியாக இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்வது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு: துரு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தின்றுவிட்ட வெளிப்பாகங்களுக்கும், முழு நீளமும் அரித்த ரன்னிங் போர்டுக்கும் ஏற்றது.

*5. வேறு பாடி வாங்குவது*

தரை, இரண்டு பக்க ரன்னிங் போர்டு, பில்லர் அடி, ஸ்பிரிங் மாட்டும் இடம் எல்லாமே போயிருந்தால், துரு குறைந்த இன்னொரு வண்டியை வாங்கி, உங்கள் வண்டியின் நல்ல பாகங்களை அதில் மாட்டுவது செலவிலும் பாதுகாப்பிலும் மேல். கடற்கரை ஊர் வண்டியைவிடக் கோயம்புத்தூர், சேலம் பக்கத்து உலர்ந்த வண்டியின் அடிப்பாகம் பொதுவாக நன்றாக இருக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. பாடியில்தான் சேஸி எண் இருக்கிறது. எண்ணை வெட்டி இன்னொரு பாடியில் ஒட்டுவது குற்றம். எந்த பாடியின் எண்ணோ, அந்த வண்டியின் ஆர்.சி.தான் செல்லும்.

தீர்ப்பு: சாதாரண மாடலுக்கு ஏற்றது. அப்பா ஓட்டிய வண்டி, தாத்தா வாங்கிய வண்டி என்ற உறவுக்காக மீட்டெடுப்பவருக்கு இது பொருந்தாது. அவர்கள் செலவு கூடினாலும் மூன்றாம், நான்காம் வழிகளைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்த வெல்டிங்?

ஆர்க் வெல்டிங் மெல்லிய தகட்டை ஓட்டை போட்டுவிடும். கனமான சேஸி வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் வெல்டிங் நம் பட்டறைகளின் பழைய நண்பன். வெப்பம் அகலமாகப் பரவுவதால் தகடு நெளியும். ஆனால் பற்றவைத்த இடம் மென்மையாக இருப்பதால் சுத்தியலால் தட்டிச் சமன் செய்ய முடியும். நல்ல கையில் கேஸ் வெல்டிங் செய்த மட்கார்டுக்குப் பட்டியே தேவைப்படாது.

சி.ஓ.டூ வெல்டிங் எனப்படும் மிக் முறை வேகமானது, வெப்பம் குறைவு. ஒரே இழுப்பில் கோடு போடாமல், இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளி என்று மாற்றி மாற்றி வைத்து, ஆறவிட்டு நிரப்ப வேண்டும். 0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர் கம்பியும் ஆர்கான் கலந்த வாயுவும் மெல்லிய தகட்டுக்கு நல்லது. வெல்டு கடினமாக இருக்கும் என்பதால் கிரைண்டர் வேலை கூடும். தரைக்கும் ரன்னிங் போர்டுக்கும் இதுவே நடைமுறைத் தேர்வு.

ஆர்கான் வெல்டிங் மிகத் துல்லியமானது, மெதுவானது, கூலி அதிகம். கூரை, பானெட் போன்று எல்லார் கண்ணிலும் படும் அகலத் தகடுகளுக்கு இது தகும்.

பித்தளை வைத்து ஒட்டுவது பாரம் தாங்கும் இடத்தில் கூடவே கூடாது. அதோடு, பித்தளை பட்ட இடத்தைப் பின்னாளில் முறையாக வெல்டு செய்ய முடியாது.

இணைப்பு முறையிலும் தேர்வு உண்டு. வெளித்தகட்டில் விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவைப்பது நல்லது; ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் இடுக்கில் ஈரம் தங்கும், பெயின்டில் கோடும் தெரியும். தரையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறலாம், ஆனால் இடையில் துத்தநாக பிரைமரும் விளிம்பில் சீலரும் கட்டாயம். தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டு இருந்த இடத்தில் துளையிட்டு அதை நிரப்பிப் பற்றவைத்தால் அசல் தோற்றமும் பலமும் கிடைக்கும்.

ரன்னிங் போர்டை வெட்டும் முன் கதவு வாசலில் குறுக்குக் கம்பிகள் பற்றவைத்து பாடியை முட்டுக்கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே வெட்டுங்கள். இறுதியாகப் பற்றவைக்கும் முன் கதவை மாட்டி இடைவெளி பாருங்கள். இந்த ஒழுங்கு தவறினால் பாடி தொங்கிவிடும். அதன்பிறகு எந்தக் கதவும் நேராக மூடாது.

எந்த வெல்டிங்காக இருந்தாலும் பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை வண்டியிலிருந்து இறக்கிவிடுங்கள். காலி டேங்கில் தங்கிய ஆவியும் வெடிக்கும்; டேங்கைப் பற்றவைக்க நினைக்கவே வேண்டாம். பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் பற்றவைக்காதீர்கள். அவற்றில் சில வகைகள் வெப்பத்தில் நச்சு வாயுவை உண்டாக்கும்.

பிரைமர் முதல் மெழுகு வரை

ரெட் ஆக்சைடு மலிவானது, எங்கும் கிடைப்பது. ஆனால் நாள்பட அது ஈரத்தை உள்ளே விடும். மேல்பெயின்ட் இல்லாமல் ரெட் ஆக்சைடோடு மாதக்கணக்கில் நிற்கும் பாடி அடியில் துருப்பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பிரைமர் ஈரத்தை நன்றாகத் தடுக்கும். விலை கூடினாலும் மீட்டெடுப்பில் நான் சமரசமில்லாமல் சொல்வது இதைத்தான்: வெறும் தகட்டின்மேல் முதலில் எபாக்ஸி, அதன்மேல் பட்டி, பிறகு சர்ஃபேசர், பிறகு நிறம். எட்ச் பிரைமரின் அமிலம் பட்டியோடு ஒத்துப்போகாது என்பதால் அதன்மேல் நேரடியாகப் பட்டி பூசக்கூடாது. கெட்டியாக்கி கலக்கும் பெயின்டுகளின் ஆவி மூச்சுக்குழாயைக் கெடுக்கும். காற்றுக் குழாயுள்ள முகமூடி இல்லாமல் வீட்டுக் கொட்டகையில் அடிக்க வேண்டாம்.

சுத்தம் செய்த தகட்டை ஓர் இரவு திறந்து வைத்தாலே ஈரக்காற்றில் மறுபடி செம்மை படரும். அன்றைக்குச் சுத்தம் செய்ததை அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். வியர்வைக் கையால் தொடாதீர்கள், அதுவும் உப்புத்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகக் கடலோரத்தில் பெயின்ட் வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது.

பலர் விட்டுவிடுவது உள்பக்கம். ரன்னிங் போர்டு, பில்லர், கதவு ஆகியவற்றின் உட்குழிவுக்குள் பெயின்ட் துப்பாக்கி எட்டாது. பெயின்ட் வேலை முடிந்ததும் நீளக் குழாய் வழியாகக் குழிவு மெழுகு தெளிக்க வேண்டும். வெல்டிங்கின்போது எரிந்துபோன பூச்சுக்கு ஈடு இது ஒன்றுதான். அடிப்பாகத்தில் தார் வகைப் பூச்சு அடிப்பது நம்மிடம் வழக்கம். அது காய்ந்து வெடித்தால் வெடிப்புக்குள் தண்ணீர் புகுந்து, துருவை மறைத்து வளர்க்கும். துருவின்மேலேயே தார் அடிப்பது அதைவிட மோசம். சீலர், எபாக்ஸி, அதன்மேல் மெழுகுப் பூச்சு என்பது நிலைக்கும் வரிசை. கழிவு இன்ஜின் ஆயில் அடிப்பது ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், மண்ணையும் கெடுக்கும். கடைசியாக, கதவிலும் ரன்னிங் போர்டிலும் உள்ள வடிகால் துளைகள் மெழுகாலோ பெயின்டாலோ அடைபடவில்லை என்று பாருங்கள்.

சட்டமும் அசலும்

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் வந்த திருத்தம் 50 ஆண்டுக்கு மேற்பட்ட, சொந்தப் பயன்பாட்டு வண்டிகளை விண்டேஜ் வகையாகப் பதிவுசெய்ய வழி செய்கிறது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும்; புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டிகள் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அன்றாடப் போக்குவரத்துக்கு அந்தப் பதிவு உதவாது. கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான். சேஸியிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அந்தத் தகுதி கிடையாது. ஆகவே பழுதுநீக்கம் அசல் வடிவத்திலேயே இருக்கட்டும். ஐந்தாம் வழியில் இறங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழங்கால வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் ஏற்ற டூரின் சாசனமும் இதே திசையில்தான் பேசுகிறது: காப்பாற்ற முடிந்ததைக் காப்பாற்று, மாற்றியதைப் பதிவுசெய். வெட்டும் முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள். நாளை வண்டியை விற்கும்போதும் அந்தப் படங்கள்தான் உங்கள் சாட்சி.

பட்டறையோடு பேசுவது எப்படி

முழுத் தொகைக்கு மொத்தமாகப் பேசினால் பட்டியில் போய்த்தான் நிற்கும். வேலையை மூன்றாகப் பிரியுங்கள். பெயின்டும் பட்டியும் உரித்து வெறும் தகடு தெரியும்போது ஒருமுறை பாருங்கள்; அங்கேதான் உண்மையான மதிப்பீடு போட முடியும். வெல்டிங் முடிந்து பட்டிக்கு முன் இரண்டாம் முறை. பிரைமர் முடிந்து நிறத்துக்கு முன் மூன்றாம் முறை. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகப் பணம் கொடுங்கள். "அண்ணே, பட்டி போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ கூப்பிடுங்க, வந்து பாத்துட்டுப் போறேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் நல்ல டிங்கர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். தன் கைவேலையைப் பார்க்க ஒருவர் வருகிறார் என்பதில் அவருக்கும் பெருமைதான். தயங்குகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

முடிவாக

பணம் குறைவாக இருந்தால் தரை, ரன்னிங் போர்டு, ஸ்பிரிங் மாட்டும் இடம் ஆகிய மூன்றையும் முதலில் வெல்டு செய்து, எபாக்ஸியும் மெழுகும் அடித்து, வெளித்தோற்றத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். ஓரளவு பணம் இருந்தால் வெளிப்பாகங்களில் ஒட்டும் மாற்றும் சேர்த்துச் செய்யுங்கள். அடிப்பாகம் முழுவதும் போய்விட்ட சாதாரண மாடல் என்றால் வேறு வண்டி தேடுங்கள். மூன்றில் எதுவானாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் தகடு, பிறகு உள்பக்கம், கடைசியில் நிறம். பெயின்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை எடுத்து வெல்டிங்குக்கும் எபாக்ஸிக்கும் கொடுங்கள். பத்மினியும் ஹெரால்டும் அம்பாசிடரும் இனி புதிதாக வரப்போவதில்லை. இருக்கிற தகட்டைக் காப்பாற்றும் பொறுப்பு இப்போது அவற்றை வைத்திருக்கும் நம்மிடம்தான் இருக்கிறது.